கேட்டதும் கொடுத்துவிடும் கிளஸ்டர்: ஒரு ஹடூப் பாதுகாப்பு வேலையின் பதிவு

என் பொறுப்புக்கு வந்தபோது அந்தக் கிளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் கணினிகளின் கூட்டம்) பாதுகாப்பு என்று சொல்லத் தக்கது ஒன்றுதான் இருந்தது: வெளியிலிருந்து யாரும் நுழையாதபடி ஒரு ஃபயர்வால். உள்ளே, தரவைப் பல கணினிகளில் பிரித்து வைத்துக் கையாளும் ஹடூப் 3 வரிசை; அதன்மேல், தரவை டேபிள்களாக வைத்துக் கேள்வி கேட்க ஹைவ், கணக்கீடுகளுக்கு ஸ்பார்க், தரவு வந்து விழுவதற்குக் காஃப்கா. வாடிக்கையாளர்களின் பெயர், கைபேசி எண், முகவரி, பணப் பரிமாற்ற விவரம் எல்லாம் பல ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்தன. பொறியாளர்கள், பகுப்பாய்வாளர்கள், வந்துபோகும் ஒப்பந்தப் பணியாளர்கள் என்று நிறையப் பேருக்கு கிளஸ்டருக்குள் நுழையும் வாசல் கணினியான எட்ஜ் நோடில் கணக்கு இருந்தது. "உள்ளேதானே இருக்கிறது, யார் எடுத்துவிடப் போகிறார்கள்?" என்பதே பொதுவான எண்ணம்.

இதைச் சரிசெய்ய எனக்குச் சொல்லப்பட்ட முதல் யோசனை, "எல்லாவற்றையும் என்கிரிப்ட் செய்துவிடுங்கள்" என்பது; அதாவது, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டிவிடுவது. நான் அதை மூன்றாவது இடத்துக்குத் தள்ளினேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

யார் நீ என்று கேட்காத அமைப்பு

ஹடூப்பை நிறுவி எதையும் மாற்றாமல் விட்டால் அது பயனரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதே இல்லை. கட்டளை அனுப்பும் கணினி 'நான் இன்னார்' என்று சொன்னால், கோப்புகளின் பட்டியலை வைத்திருக்கும் மையச் சேவையான நேம்நோடு அப்படியே நம்பிக்கொள்ளும். இந்த முறைக்கு 'சிம்பிள்' என்று பெயர் வேறு. கோப்புகளுக்கு உரிமையாளர், குழு, படிக்க எழுத அனுமதி எல்லாம் இருக்கும். பார்ப்பதற்குப் பாதுகாப்பாகவே தெரியும்.

மேலிடத்தில் நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேட்பதற்கு முன் இதை ஒரு முறை காட்டிவிடலாம் என்று நினைத்தேன். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, எந்தச் சிறப்பு உரிமையும் இல்லாத ஒரு சோதனைக் கணக்கில் நுழைந்தேன். ஊதிய விவரம் இருக்கும் அடைவைப் பட்டியலிடச் சொன்னேன்; 'பெர்மிஷன் டினைடு' வந்தது. அப்புறம் 'ஹடூப்_யூசர்_நேம்' என்ற சூழல் மாறிக்கு 'எச்டிஎஃப்எஸ்' என்று மதிப்புக் கொடுத்துவிட்டு அதே கட்டளையை மறுபடி ஓட்டினேன். முழுப் பட்டியலும் திரையில் கொட்டியது. எச்டிஎஃப்எஸ் என்பது ஹடூப்பின் கோப்பு முறைமைக்குப் பெயர்; அதே பெயருள்ள பயனர்தான் அதன் சூப்பர்யூசர், எல்லா உரிமையும் உள்ளவர். பாஸ்வேர்ட் கேட்கவில்லை, எச்சரிக்கை வரவில்லை. யார் எதைத் தொட்டார்கள் என்று பதியும் ஆடிட் லாகிலும் எச்டிஎஃப்எஸ் என்ற பயனர் படித்ததாகத்தான் பதிவானது. என் சோதனைக் கணக்கின் பெயர் எங்கேயும் இல்லை. அந்த ஒரு வரிக் கட்டளை, நான் தயாரித்து வைத்திருந்த விளக்கப் படங்கள் எல்லாவற்றையும் விடச் சீக்கிரம் வேலையை முடித்தது.

என்கிரிப்ஷனை மூன்றாவதாகத் தள்ளியதற்குக் காரணமும் இதுதான். யார் கேட்கிறார்கள் என்று தெரியாத அமைப்பில் எவ்வளவு வலுவான சாவி போட்டாலும், பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருகிறவருக்கு அந்தச் சாவியை அது தானாகவே எடுத்துக் கொடுத்துவிடும்.

அடையாளத்தைச் சரிபார்க்கும் முறையான கெர்பரோஸைக் கொண்டுவரும் வேலை நீளும் என்று தெரியும். ஆகவே அதற்கு முன் போர்ட்களைக் கவனித்தேன். கிளஸ்டரில் வேலைகளைப் பகிர்ந்து கொடுக்கும் யார்ன் ரிசோர்ஸ் மேனேஜரின் 8088 போர்ட் அலுவலக நெட்வொர்க் முழுவதற்கும் திறந்திருந்தது. வெறும் நிலவரம் காட்டும் பக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். அதே போர்ட்டில், நிரல்கள் பேசுவதற்கான ஒரு ரெஸ்ட் ஏபிஐ இருக்கிறது. அதன் வழியாகப் புதிய வேலையை அனுப்ப முடியும், அந்த வேலைக்குள் எந்த ஷெல் கட்டளையையும் வைக்க முடியும். 2018-இல் பரவிய டீமன்பாட் என்ற தீநிரல், இணையத்துக்குத் திறந்திருந்த ஹடூப் கிளஸ்டர்களில் இதே வழியாகத்தான் நுழைந்தது. அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்கத்தில், பாஸ்வேர்ட் இல்லாமல் இணையத்தில் கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள்; தொடர்ந்து எலாஸ்டிக்சர்ச், ஹடூப் என்று கை வைத்தார்கள். அவற்றில் நுழைய யாரும் பெரிய வித்தை காட்டத் தேவையிருக்கவில்லை; கேட்டதும் கிடைத்தது.

எட்ஜ் நோடும் ஒரு இடைநிலை கேட்வேயும் தவிர வேறு எங்கிருந்தும் 8088, நேம்நோடின் 9870, தரவை வைத்திருக்கும் டேட்டாநோடுகளின் போர்ட்கள் எதையும் தொட முடியாதபடி விதிகள் எழுதினோம். எழுதிய மறுநாளே சில பேருடைய டேஷ்போர்டுகள் நின்றன. யாரெல்லாம் நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்ற கணக்கு அப்படித்தான் கிடைத்தது.

எங்கெங்கே பிரதி கிடக்கிறது

அடுத்து ஒரு கணக்கெடுப்பு. பூட்ட வேண்டியது எது என்று தெரியாமல் பூட்டு வாங்கிப் பயனில்லை. ஹைவ் டேபிள்களின் பட்டியல் எல்லோரிடமும் இருந்தது. அந்த டேபிள்களிலிருந்து யார் யார் எங்கெங்கே பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது யாரிடமும் இல்லை.

இதற்கு நேம்நோடிடமே பதில் இருக்கிறது. அது தன் கோப்பு முறைமை முழுவதன் விவரப் பட்டியலையும் எஃப்எஸ்இமேஜ் என்ற ஒரே கோப்பில் எழுதி வைக்கிறது. ஆஃப்லைன் இமேஜ் வியூவர் கருவியால் அதை உரைக் கோப்பாக மாற்றினால், ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி: பாதை, அளவு, கடைசியாக மாற்றிய நேரம், உரிமையாளர், அனுமதி. ஓடும் நேம்நோடுக்கு இதனால் எந்தச் சுமையும் இல்லை. அந்த உரைக் கோப்பை ஹைவிலேயே ஒரு டேபிளாக ஏற்றி, 'எல்லோரும் படிக்கலாம்' என்ற அனுமதியோடு இருக்கும் பெரிய கோப்புகளை மட்டும் கேட்டேன்.

வந்த பட்டியலைப் பார்த்தால் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. முதன்மை டேபிள் ஒழுங்காக ஒரு குழுவுக்கு மட்டும் திறந்திருந்தது. அதன் முழுப் பிரதிகள் தற்காலிக அடைவில், 'டெஸ்ட்', 'பேக்கப்', 'ஃபைனல்' என்ற பெயர்களில், வேலையை விட்டே போய்விட்டவர்களின் சொந்த அடைவுகளில். நாசவேலை நோக்கம் யாருக்கும் இல்லை. பெரிய டேபிளில் ஒரு கேள்வி ஓட நேரமாகும். வேண்டிய பகுதியைத் தனியாக எழுதி வைத்துக்கொள்வது பகுப்பாய்வாளரின் அன்றாடப் பழக்கம். எழுதிய கோப்புக்கு இயல்பாகவே 022 என்ற உமாஸ்க் (புதிய கோப்பின் அனுமதியிலிருந்து கழிக்கப்படும் மதிப்பு) பொருந்தும். அதாவது, எல்லோரும் படிக்கலாம்.

மற்றவர்கள் படிக்க முடியாதபடி உமாஸ்க்கை 027 என்று மாற்றினேன். ஆனால் அது கிளையன்ட் பக்கம், அதாவது கட்டளை அனுப்பும் பக்கம், பொருந்தும் அமைப்பு. விரும்புகிறவர் தன் வேலையில் வேறு மதிப்பைக் கொடுத்துவிடலாம். எனவே அதை நம்பி உட்காராமல், ஒவ்வொருவரின் சொந்த அடைவையும் உரிமையாளர் மட்டும் நுழையும்படி 700 ஆக்கினேன். மேல் அடைவுக்குள் நுழைய முடியாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புக்கு என்ன அனுமதி இருந்தாலும் எட்டாது.

கெர்பரோஸ்

இதைப் பற்றி வலையில் ஆயிரம் குறிப்புகள் உண்டு. நிறுவும் படிகளைத் திரும்ப எழுதவில்லை. சுருக்கமாக: ஒவ்வொரு பயனருக்கும், ஒவ்வொரு கணினியில் ஓடும் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு பிரின்சிபல், அதாவது கெர்பரோஸ் அறிந்த ஒரு பெயர். மனிதர்கள் பாஸ்வேர்ட் கொடுத்து, கேடிசி என்ற கெர்பரோஸ் சர்வரிடம் டிக்கெட் வாங்குகிறார்கள். சேவைகள் கீடேப் என்ற கோப்பில் இருக்கும் சாவியைக் காட்டி வாங்குகின்றன. டிக்கெட் இல்லாதவரோடு நேம்நோடு பேசாது. சோதனைக் கிளஸ்டரில் முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உண்மையானதில் கை வைத்தோம். அங்கே வந்த தொல்லைகளைச் சொல்கிறேன். கெர்பரோஸில் பிழைச் செய்தி ஒன்று சொல்லும், காரணம் வேறெங்கோ இருக்கும்.

முதலாவது நேரம். டிக்கெட்டில் நேர முத்திரை இருப்பதால், கணினிகளின் கடிகாரங்களுக்கு இடையில் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் மறுத்துவிடும். இந்தப் பிழையாவது 'க்ளாக் ஸ்க்யூ டூ கிரேட்' என்று நேராகச் சொல்லும். எல்லா நோடுகளையும் நேரம் சொல்லும் ஒரே என்டிபி சர்வரோடு இணைத்ததும் தீர்ந்தது.

இரண்டாவது பெயர். சேவையின் பிரின்சிபலில் அந்தக் கணினியின் முழுப் பெயர் இருக்கும். கிளையன்ட் ஐபி முகவரியிலிருந்து பெயரைத் தேடி, பெயர்-முகவரிப் பதிவேடான டிஎன்எஸ் வேறு பெயரைச் சொன்னால், 'சர்வர் நாட் ஃபவுண்ட் இன் கெர்பரோஸ் டேட்டாபேஸ்' என்று வரும். சேவை ஓடிக்கொண்டிருக்கும், பிரின்சிபலும் இருக்கும், ஆனாலும் இல்லை என்று சொல்லும். கீடேப்பை நோண்டுவதற்கு முன், பெயரிலிருந்து ஐபிக்கும் ஐபியிலிருந்து பெயருக்கும் இரு திசையிலும் டிஎன்எஸ் ஒரே பதிலைத் தருகிறதா என்று பார்த்துவிடுங்கள். எங்களுக்குப் பாதி நோடுகளில் சிறிய எழுத்து, பெரிய எழுத்துக் குழப்பம் வேறு இருந்தது.

மூன்றாவதுதான் அதிகம் சோதித்தது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம், ஒரு நோடில் மட்டும் சேவைகள் ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தன. பிழை: 'ஸ்பெசிஃபைடு வெர்ஷன் ஆஃப் கீ இஸ் நாட் அவைலபிள்'. கீடேப் கோப்பை யாரும் தொடவில்லை. தேதியும் பழைய தேதிதான். கீடேப்பில் இருக்கும் சாவியின் பதிப்பு எண்ணையும் கேடிசி வைத்திருக்கும் எண்ணையும் ஒப்பிட்டபோது விஷயம் புரிந்தது: கேடிசியில் எண் ஒன்று கூடியிருந்தது. கண்காணிப்புக் கருவிக்காக இன்னொரு குழு அதே பிரின்சிபலுக்கு இன்னொரு கீடேப் எடுத்திருக்கிறது. கீடேப் எடுக்கும் கட்டளை வெறுமனே பிரதி எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் புதிய சாவியை உருவாக்குகிறது. அந்த நொடியில் பழைய கீடேப் செல்லாக்காசு. சாவியை மாற்றாமல் எடுப்பதற்குத் தனி விருப்பம் உண்டு, ஆனால் அதை எல்லோருக்கும் சொல்லித் திரிவதைவிட நல்ல வழி, ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பிரின்சிபல் கொடுத்துவிடுவது. கீடேப் எடுக்கும் உரிமையையும் இரண்டு பேரோடு நிறுத்திவிட்டோம்.

நான்காவது, எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு வந்தது. இரவும் பகலும் ஓட வேண்டிய ஒரு ஸ்பார்க் ஸ்ட்ரீமிங் வேலை, ஒரு வாரம் ஓடிவிட்டு நின்றது. மறுபடி தொடங்கினால் இன்னொரு வாரம். காரணம் டெலிகேஷன் டோக்கன். வேலையின் துண்டுகள் பல நோடுகளில் ஓடுகின்றன. அத்தனை இடத்துக்கும் பயனரின் டிக்கெட்டை அனுப்ப முடியாது என்பதால் நேம்நோடு ஒரு டோக்கன் கொடுக்கிறது. அதை 24 மணி நேரத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கலாம். ஆனால் 7 நாளுக்கு மேல் அதற்கு ஆயுள் கிடையாது. இவை இயல்பாக வரும் மதிப்புகள். அந்த 7 நாளை நீட்டிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை, திருடப்பட்ட டோக்கன் ஒன்றும் அத்தனை நாள் வாழும். வேலையை அனுப்பும்போதே பிரின்சிபலையும் கீடேப்பையும் கொடுத்துவிட்டால் ஸ்பார்க் தானே புதிய டோக்கன் வாங்கிக்கொள்ளும். அப்படிச் செய்யும்போது கீடேப் அந்தப் பயனரின் எச்டிஎஃப்எஸ் அடைவில் ஒரு தற்காலிக இடத்துக்குப் பிரதியாகிறது. சொந்த அடைவுகளை 700 ஆக்கியது இங்கேயும் கைகொடுத்தது.

கெர்பரோஸ் போட்ட பிறகும் திறந்தே இருக்கும் ஒரு ஓட்டை ப்ராக்ஸி யூசர் அமைப்பு. ஹைவ் போன்ற சேவைகள் மற்ற பயனர்களின் பெயரில் நடந்துகொள்ள அனுமதி தரும் இடம் அது. எந்தக் கணினியிலிருந்து, எந்தக் குழுவினர் பெயரில் என்ற இரண்டு இடத்திலும் நட்சத்திரக் குறி போடச் சொல்லித்தான் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்லும். வேலை சுலபமாக முடியும் என்பது உண்மைதான். அந்தச் சேவையின் கீடேப் ஒன்று வெளியே போனால், யார் பெயரிலும் எங்கிருந்தும் நடிக்கலாம் என்பதும் உண்மை. இரண்டு நட்சத்திரங்களையும் எடுத்துவிட்டுக் கணினிப் பெயர்களையும் குழுக்களையும் எழுதி வைத்தோம்.

ஹைவில் மறைத்தது, எச்டிஎஃப்எஸ்ஸில் தெரிந்தது

யார் என்று தெரிந்துவிட்டது. இனி யாருக்கு எது என்ற கேள்வி. அதற்கு, அனுமதிக் கொள்கைகளை எழுதி வைக்கும் கருவியான அப்பாச்சி ரேஞ்சரை வைத்தோம். ஹைவ் டேபிளில் ஒரு நெடுவரிசையை மறைக்கலாம், வரிகளை வடிகட்டலாம். கைபேசி எண்ணில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும்படி ஒரு கொள்கை எழுதினால், ரேஞ்சரின் ப்ளக்இன் அரை நிமிடத்துக்கு ஒரு முறை கொள்கைகளை வாங்கிக்கொள்வதால் உடனுக்குடன் நடைமுறைக்கு வந்துவிடும். செய்து காட்டினால் எல்லோரும் கைதட்டுவார்கள்.

அதே பகுப்பாய்வாளர் கணக்கில் ஸ்பார்க்கைத் திறந்து, டேபிளின் பெயரைச் சொல்லாமல், அந்த டேபிளின் கோப்புகள் இருக்கும் எச்டிஎஃப்எஸ் பாதையைக் கொடுத்து ஓஆர்சி (அந்த டேபிள் எழுதப்பட்ட கோப்பு வடிவம்) கோப்பாகப் படித்தேன். பத்து இலக்கமும் வந்தன. முன்வாசலில் பெரிய பூட்டு, கொல்லைப்புறம் திறந்து கிடக்கிறது. மறைப்பு என்பது ஹைவ் சர்வருக்குள் நடக்கும் வேலை; அதன் வழியாகப் போகாதவருக்கு அது பொருந்தாது.

ஹைவ் சர்வரில், கேட்டவரின் பெயரிலேயே கோப்பைத் தொடச் செய்யும் 'டூஆஸ்' என்ற அமைப்பை அணைத்தோம். அதன்பின் கேள்வியைக் கேட்டவர் யாராக இருந்தாலும், கோப்பைத் தொடுவது ஹைவ் என்ற சேவைக் கணக்கு மட்டுமே. டேபிள் அடைவுகளின் உரிமையை அந்தக் கணக்குக்கு மாற்றி மற்றவர்களுக்கு மூடினோம். அப்படியானால் ஸ்பார்க் பயன்படுத்துகிறவர்கள்? இதில் நிறைய வாக்குவாதம் நடந்தது. ஹைவ் வழியாகவே ஸ்பார்க் படிக்கும்படி இணைப்பான்கள் இருக்கின்றன. நான் தேர்ந்தெடுத்தது அழகில்லாத, ஆனால் புரிந்துகொள்ள எளிதான வழி: மறைக்கப்பட்ட தரவைத் தனி டேபிளாகவே தினமும் எழுதிவிடுவது. இடம் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் மூலத் தரவு அந்தக் கணக்குக்கு எந்த வழியாகவும் கிடைக்காது என்று ஒரே பார்வையில் சொல்ல முடியும். பாதுகாப்பு விதியை நிரூபிக்க நாலு அமைப்புக் கோப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தால், ஆறு மாதத்தில் யாரோ அதில் ஒன்றை மாற்றிவிடுவார்கள்.

ஹேஷ் செய்தால் போதுமா

மறைத்த டேபிளில் கைபேசி எண்ணை என்ன செய்வது? வேறு டேபிளோடு இணைக்க அந்த எண் வேண்டும். ஆகவே நட்சத்திரக் குறி போட்டு அழித்துவிட முடியாது. ஏற்கெனவே இருந்த வழக்கம், எண்ணை எஸ்எச்ஏ-256 என்ற முறை கொண்டு ஹேஷ் செய்வது, அதாவது மாறாத நீளமுள்ள ஒரு குறியீடாக மாற்றுவது. "இதைத் திருப்பவே முடியாது, கணிதப்படி நிரூபிக்கப்பட்டது" என்று அழுத்திச் சொன்னார்கள்.

ஹேஷைத் திருப்ப வேண்டியதே இல்லை. பத்து இலக்க எண்ணுக்கு மொத்தமே 1,000 கோடி வாய்ப்புகள். முதல் இலக்கம் எவையாக இருக்க முடியும் என்று தெரிந்தால் இன்னும் குறைவு. எல்லா எண்ணுக்கும் ஹேஷ் கணக்கிட்டுப் பட்டியலில் இருப்பதோடு ஒப்பிட்டால் போதும்; இன்றைய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட எஸ்எச்ஏ-256 கணக்குகளைப் போடும். அங்கே ஒரு கிளஸ்டரே கையில் இருக்கிறது! ஸ்பார்க்கில் ஒரு எண் வரிசை, ஒரு ஹேஷ், ஒரு ஜாயின். சில வரி நிரல். தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறைத்த எண்கள் எல்லாம் வெளியே வந்து நின்றன.

இது புதிய கண்டுபிடிப்பில்லை. 2014-இல் நியூயார்க் நகரத்தின் டாக்சிப் பயணத் தரவு வெளியானது. 2013-ஆம் ஆண்டின் 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். வண்டியின் அனுமதி எண்ணையும் ஓட்டுநர் எண்ணையும் எம்டி5 ஹேஷாக மாற்றியிருந்தார்கள். அந்த எண்கள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில்தான் இருக்க முடியும். வாய்ப்புகள் மொத்தம் இரண்டு கோடி அளவுதான். எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டு முழுவதையும் அவிழ்த்துவிட்டார்கள்.

நாங்கள் எச்மாக் முறைக்கு மாறினோம். அதில் எண்ணோடு ஒரு ரகசியச் சாவியும் கலக்கும். சாவி தெரியாதவர் 1,000 கோடி எண்ணையும் போட்டுப் பார்த்தாலும் ஒப்பிட வழியில்லை. சாவி எங்கே இருக்கிறது என்பதில்தான் இதன் உயிர். நிரலில் எழுதி வைத்தால், நிரலைப் படிக்கும் உரிமை உள்ள அத்தனை பேரிடமும் சாவி இருக்கிறது என்று பொருள். அந்த மாற்றத்தைச் செய்யும் ஒரே ஒரு சேவைக் கணக்குக்கு மட்டும் சாவியைக் கொடுத்தோம். வெவ்வேறு துறைகளுக்கு வெவ்வேறு சாவி. இரண்டு துறைகளின் டேபிள்களை இணைக்க வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

எண்ணை மறைத்தாலும் பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, பாலினம் மூன்றும் அப்படியே கிடந்தன. 1990-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி காட்டியது பலருக்கும் தெரிந்திருக்கும்: இந்த மூன்றும் சேர்ந்தாலே 87 சதவீதம் பேர் தனித்து அடையாளம் தெரியக்கூடியவர்கள். பிறந்த தேதி பிறந்த ஆண்டானது. அஞ்சல் குறியீட்டில் முதல் சில இலக்கம் மட்டும் மிஞ்சியது. பகுப்பாய்வாளர்களிடம் "உங்கள் மாடலுக்குத் தேதி வேண்டுமா, வயது வேண்டுமா?" என்று கேட்டேன். எல்லோரும் வயது என்றுதான் சொன்னார்கள். தேதி இருந்ததால் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவே.

இப்போது என்கிரிப்ஷன்

ஒரு டேட்டாநோடில் ரூட் உரிமையோடு நுழைந்தால், தரவு வட்டில் பிஎல்கே என்று தொடங்கும் கோப்புகள் வரிசையாக இருக்கும். எச்டிஎஃப்எஸ் ஒரு பெரிய கோப்பை 128 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மூன்று இடத்தில் வைக்கும். அந்தத் துண்டுகள்தான் இவை. சிஎஸ்வியாக வந்து இறங்கிய தரவின் துண்டு ஒன்றைச் சாதாரண உரைக் கோப்பு போலத் திறந்தேன். பெயர், எண், முகவரி, தொகை, வரிவரியாக. எச்டிஎஃப்எஸ்ஸின் அனுமதிகள் எதுவும் இந்த இடத்தில் பொருந்தாது. வட்டு பழுதாகி உத்தரவாதத்தில் திருப்பி அனுப்பும்போது இந்தக் கோப்புகளும் கூடவே கிளம்பிப் போகின்றன. என்கிரிப்ஷன் வேண்டும் என்பதற்கு எனக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும்.

எச்டிஎஃப்எஸ்ஸில் இதற்கு 'என்கிரிப்ஷன் ஸோன்' இருக்கிறது. ஒரு அடைவுக்கு ஒரு சாவி. அதற்குள் எழுதப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் தனிச் சாவி. அந்தக் கோப்புச் சாவி ஸோன் சாவியால் பூட்டப்பட்டு நேம்நோடில் இருக்கும். திறந்து தருவது கேஎம்எஸ் என்ற தனிச் சேவை. பூட்டுவதும் திறப்பதும் கிளையன்ட் பக்கத்திலேயே நடப்பதால் டேட்டாநோடு உள்ளடக்கத்தைப் பார்ப்பதே இல்லை.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: இருக்கும் அடைவை அப்படியே ஸோனாக மாற்ற முடியாது. காலியான அடைவில்தான் ஸோன் உருவாக்கலாம். தரவை டிஸ்ட்சிபி என்ற பிரதிக் கருவி கொண்டு உள்ளே பிரதி எடுக்க வேண்டும். பூட்டிய பிரதியின் செக்சம் (உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் எண்) மூலத்தோடு பொருந்தாது என்பதால் அந்த ஒப்பீட்டைத் தவிர்க்கச் சொல்லித்தான் பிரதி எடுக்க முடியும். அப்படியானால் சரியாக வந்து சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு டேபிளுக்கும் வரிகளின் எண்ணிக்கை, தொகை நெடுவரிசையின் கூட்டல், குறைந்த மற்றும் அதிக தேதி ஆகியவற்றை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட்டோம். அப்புறம்தான் பழையதை அழித்தோம், குப்பைத்தொட்டிக்குப் போகாதபடி. அந்த அடைவின்மேல் பழைய ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) இருந்தால் அழித்த கோப்பும் அதற்குள் உயிரோடுதான் இருக்கும். அதையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

கேஎம்எஸ்ஸைத் தனிக் கணினியில் வைத்து, எச்டிஎஃப்எஸ் சூப்பர்யூசருக்குச் சாவி திறக்கும் உரிமையைத் தடைப்பட்டியலில் போட்டோம். கிளஸ்டரை நிர்வகிப்பவர் கோப்பை நகர்த்தலாம், அழிக்கலாம், படிக்க முடியாது. கேஎம்எஸ்ஸை நிர்வகிப்பவருக்குக் கோப்பின் பக்கமே போக அனுமதி இல்லை. இந்த இரண்டு பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்தால் இத்தனையும் அலங்காரம்தான். கேஎம்எஸ் சாவிகளின் காப்புப் பிரதி தொலைந்தால் தரவும் தொலைந்தது என்பதால், மீட்டெடுத்துப் பார்க்கும் ஒத்திகையையும் கூடவே நடத்தினோம்.

வழியில் போகும் தரவுக்கும் பூட்டு போட்டோம். டேட்டாநோடுகளுக்கிடையே என்கிரிப்ஷனை இயக்கிவிட்டு சைஃபர் (பூட்டும் முறை) எது என்று குறிப்பிடாமல் விட்டால் அது வழக்கமாகப் பழைய 3டெஸ் முறைக்குப் போய்விடும், வேகம் படுத்துவிடும். ஏஇஎஸ் என்று குறிப்பிட்டதும் சரியானது. ஸ்பார்க் தன் ஷஃபிள் தரவை (கணக்கின் நடுவே நோடுகள் பரிமாறிக்கொள்ளும் தரவு) உள்ளூர் வட்டில் எழுதுவது ஸோனுக்கு வெளியே நடக்கும் வேலை. அதற்குத் தனி அமைப்பை இயக்க வேண்டும். பலரும் மறந்துவிடும் இடம் இது.

காஃப்காவில் வழிப் பூட்டுக்கு டிஎல்எஸ்ஸும் அடையாளச் சரிபார்ப்புக்கு சாஸ்லும் போட்டு, டாபிக் (ஒரு வகைத் தரவின் வரிசை) வாரியாக அனுமதி எழுதியதைத் தவிரப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குறிப்பு மட்டும்: காஃப்கா தன் வட்டில் இருப்பதைத் தானே பூட்டுவதில்லை, இயல்பாக 7 நாள் வைத்திருக்கும். டாபிக்கும் ஒரு பிரதிதான். அந்தக் கணினிகளில் வட்டு அளவிலேயே என்கிரிப்ஷன் செய்தோம்.

லாக் கோப்புகள்

ஸ்பார்க்கில் பிழை தேடுகிறவர் கை தானாகவே 'ஷோ' என்று எழுதும். அது 20 வரிகளை அச்சிடும். வேலை முழுவதும் கிளஸ்டருக்குள் ஓடினால் அந்த 20 வரிகளும் கன்டெய்னர் லாகில் (வேலையின் துண்டு எழுதும் பதிவு) விழும். யார்ன் அந்த லாக்களைச் சேகரித்து எச்டிஎஃப்எஸ்ஸின் தற்காலிக அடைவுக்குக் கீழே வைக்கும். எத்தனை நாள் என்று நாம் சொல்லாவிட்டால் என்றென்றும் வைத்திருக்கும். நாங்கள் பார்த்தபோது மூன்று ஆண்டுக்கு முந்தைய வாடிக்கையாளர் வரிகள் அங்கே பத்திரமாக இருந்தன. லாக் அடைவையும் ஸோனுக்குள் கொண்டுவந்து, ஆயுளை இரண்டு வாரமாகக் குறைத்தோம்.

பாஸ்வேர்ட் விஷயமும் அதே குடும்பம். ஸ்பார்க் தன் வலைப்பக்கத்தில் அமைப்புகளைக் காட்டும்போது, பெயரில் பாஸ்வேர்ட், சீக்ரெட், டோக்கன் போன்ற சொல் இருந்தால் மதிப்பை மறைக்கும். எங்கள் ஆட்கள் சோம்பேறித்தனமாக 'பிடபிள்யூடி' என்று சுருக்கி எழுதியிருந்தார்கள், மறைக்கவில்லை. மறைக்கும் வடிவத்தில் அதையும் சேர்த்தோம். கட்டளை வரியில் கொடுத்த பாஸ்வேர்டுகள், அந்தக் கணினியில் ஓடும் செயல்களின் பட்டியலைப் பார்ப்பவர் எல்லோருக்கும் தெரியும். அவற்றை ஹடூப்பின் கிரெடென்ஷியல் கோப்புக்கு மாற்றினோம். மாற்றியதோடு நிம்மதியாகிவிட வேண்டாம்: அந்தக் கோப்புக்கு நாமாக ஒரு பாஸ்வேர்ட் கொடுக்காவிட்டால், 'நன்' (none) என்ற ஊரறிந்த சொல்லே அதன் பாஸ்வேர்ட். கோப்பின் அனுமதிதான் உண்மையான காவல்.

ஆடிட் லாகில் இப்போது பெயர்களை நம்பலாம். ஒவ்வொரு வரியிலும் அனுமதித்ததா இல்லையா, யார், எந்த ஐபி, என்ன செயல், எந்தப் பாதை என்று இருக்கிறது. எச்சரிக்கை வைத்தது மூன்றே விஷயத்துக்கு: சூப்பர்யூசர் தரவுக் கோப்பைத் திறக்க முயல்வது, சேவைக் கணக்கு வழக்கமில்லாத ஐபியிலிருந்து வருவது, ஒரே ஆளுக்குத் தொடர்ந்து மறுப்பு வருவது. நிறைய எச்சரிக்கை வைத்தால் யாரும் பார்ப்பதில்லை.

இப்போது கையில் இருப்பது ஸோன் சாவிகளைச் சுழற்றும் வேலை. சாவியை மாற்றும் கட்டளை கொடுத்தால் அதன்பின் வரும் கோப்புகளுக்குத்தான் புதிய பதிப்பு பொருந்தும். பழைய கோப்புகளின் சாவிகள் பழைய பதிப்பாலேயே பூட்டப்பட்டிருக்கும். அவற்றையும் மாற்ற ஹடூப் 3-இல் தனிக் கட்டளை இருக்கிறது. தரவைத் தொடாமல், நேம்நோடில் இருக்கும் கோப்புச் சாவிகளை மட்டும் மறுபடி பூட்டும். அது ஓடி முடியும் வரை அந்த ஸோனுக்குள் கோப்புகளுக்குப் பெயர் மாற்ற முடியாது. ஹைவோ, வேலை முடிந்ததும் பெயர் மாற்றித்தான் கோப்புகளை இடத்தில் வைக்கிறது. இரவு வேலைகளின் கால அட்டவணையில் இடைவெளி தேடிக்கொண்டிருக்கிறேன். சிறிய ஸோன்கள் முடிந்துவிட்டன, பரிமாற்றத் தரவு இருக்கும் பெரிய ஸோன் பாக்கி.